குத்தகைக் காலம் முடிந்தபின் வாடகைதாரர்: தமிழ்நாட்டுச் சட்ட வரலாறு

குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதிக்கொண்ட வாடகை ஒப்பந்தம் முடிவடையும் நாளில் வாடகைதாரர் வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டுமா, தொடர்ந்து குடியிருக்கலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் கடந்த 140 ஆண்டுகளில் நான்கு வெவ்வேறு பதில்கள் இருந்துள்ளன. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 1922 முதல் நடைமுறைக்கு வந்த சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1940களில் தொடங்கி 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிலைபெற்ற வாடகைக் கட்டுப்பாடு, 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் ஆகியவை அந்தப் பதில்களைத் தந்தன. ஒப்பந்தத் தாளில் எழுதப்பட்ட கடைசித் தேதிக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதே இவற்றுக்கிடையே உள்ள அடிப்படை வேறுபாடு.

சொத்து மாற்றுச் சட்டம், 1882

1882ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சொத்து மாற்றுச் சட்டம், குத்தகையை இருவருக்கிடையிலான ஒப்பந்தமாகவே பார்த்தது. ஒப்பந்தத்தில் எழுதிய காலம் கழிந்தால் குத்தகை தானாக முடிந்துவிடும் என்று அதன் 111ஆம் பிரிவு கூறுகிறது. காலம் குறிப்பிட்ட குத்தகைக்கு முடிவு அறிவிப்பு எதுவும் தேவையில்லை. இருவரும் கையெழுத்திட்ட தேதியே அறிவிப்பாகக் கொள்ளப்பட்டது. குத்தகை முடிந்ததும் சொத்தை உரிமையாளரிடம் ஒப்படைப்பது குத்தகைதாரரின் கடமை என்று 108ஆம் பிரிவு விதித்தது.

காலம் குறிப்பிடாத குத்தகைக்கு 106ஆம் பிரிவு பொருந்தியது. விவசாயம் அல்லது உற்பத்தித் தொழிலுக்கான குத்தகை ஆண்டுக்கு ஆண்டு தொடர்வது என்றும், அதை முடிக்க 6 மாத அறிவிப்பு வேண்டும் என்றும் அது கூறியது. வீடு, கடை உள்ளிட்ட மற்றவை மாதத்துக்கு மாதம் தொடர்வன. அவற்றை முடிக்க 15 நாள் அறிவிப்பு போதும்.

காலம் முடிந்தபின் குத்தகைதாரர் வெளியேறாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 116ஆம் பிரிவு சொல்கிறது. உரிமையாளர் வாடகையைப் பெற்றுக்கொண்டாலோ, வேறு வகையில் ஒப்புதல் தந்தாலோ, குத்தகை மாதத்துக்கு மாதம் அல்லது ஆண்டுக்கு ஆண்டு என்ற முறையில் புதுப்பிக்கப்பட்டதாகக் கருதப்படும். ஒப்புதல் இல்லையென்றால், அவர் முறையாக உள்ளே வந்து முறையின்றித் தங்கியிருப்பவர் மட்டுமே. ஒரு மாத வாடகைக்கு உரிமையாளர் எழுதிக் கொடுக்கும் ரசீது சில சமயம் ஒப்பந்தத்தைவிட முக்கியமான ஆவணமாக மாறியதற்கு இந்தப் பிரிவே காரணம். காலம் முடிந்தபின் வாடகை வாங்குவதை உரிமையாளர்கள் நிறுத்திக்கொள்வதும், எப்படியாவது வாடகையைச் செலுத்தி ரசீது பெற வாடகைதாரர்கள் முயல்வதும் இதனால் ஏற்பட்ட பழக்கங்கள்.

ஆக, 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாடகைதாரருக்கு இருந்த வழிகள் மூன்று: வெளியேறுவது, புதிய ஒப்பந்தம் போடுவது, உரிமையாளரின் ஒப்புதலோடு தொடர்வது. பின் இரண்டும் உரிமையாளரின் விருப்பத்தைச் சார்ந்தவை.

பதினொரு மாத ஒப்பந்தம்

தமிழ்நாட்டில் வாடகை ஒப்பந்தம் என்றாலே 11 மாதம் என்ற வழக்கம் உருவானதற்குக் காரணம் வாடகைச் சட்டம் அல்ல, பதிவுச் சட்டம். ஆண்டுக்கு ஆண்டு தொடரும் குத்தகையும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் கட்டாயமாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 107ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. பதிவுக் கட்டணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நடக்கும் அலைச்சலையும் தவிர்க்க, ஓராண்டுக்கு ஒரு மாதம் குறைவாக எழுதிக்கொள்வது வழக்கமாயிற்று.

11 மாதம் முடிந்தால் வாடகைதாரரின் உரிமையும் முடிந்துவிடும் என்ற எண்ணம் பின்னாளில் பரவலாயிற்று. 1940களுக்குப் பிறகு பல பத்தாண்டுகள், நகரப் பகுதிகளில் இந்த எண்ணம் பெரும்பாலும் சட்டத்துக்குப் பொருந்தவில்லை. அதன் காரணம் கீழே வருகிறது.

பிறர் மனையில் கட்டிய வீடு: 1922

கடைசித் தேதியின் வலிமையை முதலில் குறைத்த சட்டம் கட்டடத்தைப் பற்றியது அல்ல, மனையைப் பற்றியது. சென்னை நகரில் காலி மனையைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, அதில் சொந்தச் செலவில் வீடு கட்டிக் குடியிருந்தவர்கள் ஏராளம். ஒழுங்காக வாடகை செலுத்தும்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் இவர்கள் கட்டினார்கள். நகரில் இத்தகைய குத்தகைதாரர்களைப் பெருமளவில் வெளியேற்றும் முயற்சிகள் நடந்தபோது பிரச்சினை வெடித்தது.

சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, குத்தகைதாரர் தாம் நிலத்தோடு இணைத்தவற்றை, மனை தம் வசம் இருக்கும்போதே பிரித்து எடுத்துச் செல்லலாம். நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும். கூரையும் மூங்கிலும் என்றால் பிரித்தெடுக்கலாம். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய வீட்டைப் பிரித்தால் கையில் மிஞ்சுவது இடிபாடு மட்டுமே. காலம் முடியும் நாளில் ஒரு குடும்பத்தின் ஆயுள் சேமிப்பு முழுவதும் மனை உரிமையாளரின் கைக்குப் போய்விடும்.

இதற்குத் தீர்வாக வந்தது சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1921 (1922ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டம்). சட்டம் வருவதற்கு முன்பே ஏற்பட்ட மனைக் குத்தகைகளுக்கு இது பொருந்தியது. இதன் முக்கியக் கூறுகள்:

- வெளியேற்றப்படும் குத்தகைதாரருக்கு அவர் கட்டிய கட்டடத்தின் மதிப்பு இழப்பீடாகத் தரப்பட வேண்டும்.
- வெளியேற்ற வழக்கு தொடர்வதற்கு முன் மூன்று மாத எழுத்துமூல அறிவிப்பு தர வேண்டும்.
- வழக்கு தொடரப்பட்டால், அந்த மனையைத் தமக்கே விற்க உரிமையாளருக்கு ஆணையிடுமாறு குத்தகைதாரர் நீதிமன்றத்தைக் கேட்கலாம். இது 9ஆம் பிரிவு.

குத்தகை முடிவதால் வெளியேற வேண்டியவர், அந்த முடிவையே காரணமாகக் காட்டி மனையை விலைக்கு வாங்கலாம் என்பது அதுவரை கேள்விப்படாத வழி. 1955இல் இந்தச் சட்டத்தின் காலமும் பரப்பும் விரிவுபடுத்தப்பட்டன. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களுக்கும் இதை நீட்டிக்க வழி ஏற்பட்டது. குத்தகைதாரர் வசதியாக அனுபவிப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவு நிலத்தை மட்டுமே வாங்கலாம் என்ற வரம்பும் பின்னர் சேர்ந்தது. மனைகளில் பெரும்பகுதி கோயில்களுக்கும் மடங்களுக்கும் உரியவையாக இருந்ததால், இந்தச் சட்டம் நீண்ட காலம் சர்ச்சைக்குள்ளானது. 1996ஆம் ஆண்டுத் திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை இதன் வரம்பிலிருந்து விலக்கியது. மயிலாப்பூர் கிளப் தொடர்ந்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

போர்க்கால ஆணைகள்: 1941–1946

கட்டடங்களுக்கான வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போரின் விளைவு. போரினால் கட்டுமானப் பொருள்கள் கிடைப்பது அரிதானது. வீடு கட்டுவது ஏறக்குறைய நின்றது. நகரங்களில் அரசு அலுவலகங்களும் தொழில்களும் பெருகின. இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் 1941இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையும், 1942இல் கிடங்குகளுக்கான வாடகைக் கட்டுப்பாட்டு ஆணையும் பிறப்பிக்கப்பட்டன.

1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து தமிழர்கள் அகதிகளாகத் தாயகம் திரும்பினர். அதே ஆண்டு ஏப்ரலில் விமானத் தாக்குதல் அச்சத்தால் சென்னை மக்கள் பெருமளவில் ஊரைவிட்டு வெளியேறினர். அரசு அலுவலகங்களும் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. ஆபத்து விலகியதும் மக்கள் திரும்பினர். அப்போது வீட்டுக்கான தேவை பழையபடி கூடியது.

இந்த நிலையில் வாடகைக்கு மட்டும் உச்சவரம்பு விதித்தால் பயனில்லை. உரிமையாளர் ஒப்பந்தக் காலம் முடிந்ததைக் காட்டிப் பழைய குடித்தனக்காரரை வெளியேற்றிவிட்டு, கூடுதல் தொகை தருபவரை வைத்துக்கொள்ளலாம். எனவே வாடகைக் கட்டுப்பாட்டோடு வெளியேற்றக் கட்டுப்பாடும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது. கடைசித் தேதி வலுவிழந்ததற்கான அடிப்படைக் காரணம் இதுதான்.

1945இல் ஆணைகள் மறுபடி வெளியிடப்பட்டன. போர் முடிந்தபின் அவற்றின் இடத்தில் 1946ஆம் ஆண்டின் சென்னைக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வந்தது. 1949இல் அதற்குப் பதிலாக மற்றொரு சட்டம் இயற்றப்பட்டது. நியாய வாடகையைக் கணக்கிட இவை 1940 ஏப்ரல் 1ஆம் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்தப் பகுதியில் நிலவிய வாடகையை அடிப்படையாக எடுத்துக்கொண்டன. தற்காலிகமாக எண்ணப்பட்ட ஏற்பாடு, நாடு விடுதலை பெற்ற பிறகும் நீடித்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டம்

தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 (18ஆம் எண் சட்டம்) ஏறத்தாழ 60 ஆண்டுகள் நகரத் தமிழ்நாட்டின் வாடகை வாழ்க்கையை ஒழுங்குபடுத்தியது. சென்னையில் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதிகளும், பிற ஊர்களில் மாவட்ட முன்சீப்புகளும் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலர்களாகச் செயல்பட்டனர். இவர்களையே மக்கள் ‘ரென்ட் கண்ட்ரோலர்’ என்று குறிப்பிட்டார்கள்.

இந்தச் சட்டத்தில் ‘வாடகைதாரர்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்ட விளக்கமே பெரிய மாற்றத்தைக் கொண்டிருந்தது. குத்தகை முடிந்தபின்னும் கட்டடத்தில் தொடர்ந்து இருப்பவரும் வாடகைதாரரே என்று அது கூறியது. ஒப்பந்தம் முடியலாம், வாடகைதாரர் என்ற தகுதி முடியாது. இப்படித் தொடர்பவரை நீதிமன்றங்கள் சட்டவழி வாடகைதாரர் என்று அழைத்தன. அவரிடமிருந்து வாடகை பெற்றுக்கொள்வதால் மட்டும் புதிய ஒப்பந்தம் உருவாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1961இல் கங்கா தத் முரார்க்கா வழக்கில் விளக்கியது. அது கல்கத்தாவிலிருந்து வந்த வழக்கு. எனினும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ள எல்லா இடங்களுக்கும் அந்தக் கருத்து பொருந்தியது. வாடகை வாங்குவது அவருடைய விருப்பத்தைக் காட்டவில்லை. சட்டம் வெளியேற்ற விடாததால் வாங்குகிறார் என்பது அதன் தர்க்கம்.

சட்டத்தின் 10ஆம் பிரிவும் 14ஆம் பிரிவும் கூறும் காரணங்களால் அன்றி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. அவற்றுள் முக்கியமானவை:

- வேண்டுமென்றே வாடகை செலுத்தத் தவறுவது
- உரிமையாளரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றி உள்வாடகைக்கு விடுவது
- வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்துவது
- கட்டடத்தைச் சேதப்படுத்துவது, அண்டை வீட்டாருக்குத் தொல்லை தருவது
- தொடர்ந்து நான்கு மாதம் குடியிருக்காமல் இருப்பது
- உரிமையாளரின் உரிமையையே மறுப்பது
- உரிமையாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ உண்மையிலேயே அந்த இடம் தேவைப்படுவது
- பழுதுபார்ப்பு, இடித்துக் கட்டுதல்

‘ஒப்பந்தக் காலம் முடிந்தது’ என்ற காரணம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒப்பந்தக் காலத்துக்கு ஒரு பயன் இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால், அந்தக் காலம் முடியும்முன் சொந்தத் தேவையைக் காட்டி உரிமையாளர் மனுச் செய்ய முடியாது என்று 10ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு சொன்னது. அதாவது கடைசித் தேதி வாடகைதாரருக்குக் கேடயமாக இருந்தது. உரிமையாளருக்கு ஆயுதமாக இல்லை. 1882இன் நிலை இங்கே தலைகீழாகிவிட்டது.

1979இல் தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதன் அடுத்த படியைச் சொன்னது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் வெளியேற்ற மனுச் செய்ய, சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆம் பிரிவின்படி அறிவிப்பு தர வேண்டியதில்லை என்பது தீர்ப்பு. ஒப்பந்தத்தை முடித்துவைப்பதால் உரிமையாளருக்கு எந்தப் பயனும் இல்லாதபோது, முடித்துவைக்கும் அறிவிப்பு எதற்கு என்று நீதிமன்றம் கருதியது.

வாடகையை வாங்க மறுத்தால்

1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமையாளர் வாடகை வாங்க மறுப்பது அவருக்குச் சாதகம். 1960ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியையும் அடைத்தது. மறுக்கும் உரிமையாளரிடம், எந்த வங்கியில் செலுத்த வேண்டும் என்று தெரிவிக்கும்படி வாடகைதாரர் எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் மணியார்டரில் அனுப்பலாம். அதற்கான கமிஷனை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதுவும் திரும்பி வந்தால், உரிய அதிகாரியிடம் வைப்புச் செய்யலாம். மணியார்டர் ரசீதுகளையும் திரும்பி வந்த படிவங்களையும் பத்திரப்படுத்தி வைப்பது வாடகைதாரர் குடும்பங்களின் பழக்கமானது.

வாடகை பாக்கி இருந்தாலும், அது ‘வேண்டுமென்றே’ செய்த தவறா என்பதே கேள்வியாக இருந்தது. இச்சொல்லின் பொருளை உச்ச நீதிமன்றம் 1985இல் சுந்தரம் பிள்ளை வழக்கில் விரிவாக ஆராய்ந்தது. பாக்கியைக் கேட்டு உரிமையாளர் அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் ஆகியும் செலுத்தாவிட்டால், அது வேண்டுமென்றே செய்த தவறாகும் என்பது சட்டத்தில் இருந்த விளக்கம்.

நியாய வாடகையும் விதிவிலக்குகளும்

வாடகைதாரரை எழுப்ப முடியாத உரிமையாளருக்கு இருந்த ஒரு வழி, நியாய வாடகை நிர்ணயிக்கக் கோருவது. கட்டடத்தின் செலவையும் மனையின் மதிப்பையும் கணக்கிட்டு, அதில் குறிப்பிட்ட விழுக்காட்டை ஆண்டு வாடகையாகச் சட்டம் நிர்ணயித்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின் இது குடியிருப்புக்கு 9 விழுக்காடு, குடியிருப்பல்லாத கட்டடத்துக்கு 12 விழுக்காடு. ஒப்பந்தக் காலம் நடப்பில் இருக்கும்போதே இதற்கு மனுச் செய்யலாம் என்று 1970களில் ராவல் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. எனவே ஒப்பந்தத்தில் எழுதிய வாடகையும், எழுதிய தேதியைப் போலவே, இறுதியானது அல்ல என்றாயிற்று.

சில கட்டடங்கள் சட்டத்துக்கு வெளியே இருந்தன. கட்டி முடித்து ஐந்து ஆண்டுகள் ஆகாத கட்டடங்களுக்கு விலக்கு இருந்தது. சமய அறநிலையங்களின் கட்டடங்களுக்கு 1970களில் அரசாணை மூலம் விலக்கு தரப்பட்டது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கும் விலக்கு இருந்தது. அந்த வீடுகளில் ஒப்பந்தத்தின் கடைசித் தேதி 1882இல் இருந்த வலிமையோடு செயல்பட்டது. கடைகளுக்கு அத்தகைய வாடகை வரம்பு இல்லாதபோது வீடுகளுக்கு மட்டும் வைப்பது சமத்துவத்துக்கு மாறானது என்று கூறி, ரத்தன் ஆர்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் 400 ரூபாய் வரம்பை நீக்கியது.

இரு தரப்பின் இழப்புகள்

1960ஆம் ஆண்டுச் சட்டத்தால் பல குடும்பங்கள் ஒரே தெருவில், ஒரே பள்ளிக்கூடத்தின் அருகில், தலைமுறைகளாக வாழ முடிந்தது. வாடகைதாரர் இறந்தால் அவருடன் குடியிருந்த மனைவி அல்லது கணவர், மகன், மகள் ஆகியோரும் வாடகைதாரராயினர். கடைகளில், அவரோடு தொடர்ந்து தொழில் செய்துவந்த குடும்பத்தாருக்கு இந்த உரிமை கிடைத்தது. ஜார்ஜ் டவுனிலும் திருவல்லிக்கேணியிலும் பழைய கடைகளின் பெயர்ப்பலகைகள் நிலைத்ததில் இச்சட்டத்துக்கும் பங்கு உண்டு.

மறுபக்கம், ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு அந்த வருமானத்தில் வாழ நினைத்த முதியவரும் விதவையும் இதே சட்டத்தில் சிக்கினர். பழைய வாடகை பழுதுபார்ப்புக்கும் போதவில்லை. கட்டடங்கள் சிதைந்தன. மனு, மேல்முறையீடு, உயர் நீதிமன்றச் சீராய்வு என்று வழக்குகள் நீண்டன. இந்த அச்சத்தால் சிலர் வீட்டைப் பூட்டியே வைத்தனர். வேறு சிலர் பெரும் முன்பணம் கேட்டனர். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது சாதாரணமாயிற்று. சட்டம் பழைய வாடகைதாரரைக் காத்தது. வீடு தேடி வரும் புதியவர் அதன் செலவை முன்பணமாகக் கொடுத்தார்.

2017ஆம் ஆண்டுச் சட்டம்

2005இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டம், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைச் சீர்திருத்துவதை மாநிலங்களுக்கு நிபந்தனையாக வைத்தது. 2015இல் மத்திய அரசு மாதிரி வாடகைச் சட்ட வரைவை வெளியிட்டது. அந்த வழியில் தமிழ்நாடு இயற்றிய சட்டம், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017. இது 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது.

புதிய சட்டம் எழுத்துமூல ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். இங்கே 11 மாதம், 12 மாதம் என்ற வேறுபாடு இல்லை. மாறாக ஏதும் எழுதிக்கொள்ளாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகை, இருவரும் ஒப்புக்கொண்ட தொகையே.

கடைசித் தேதிக்கு இச்சட்டம் மறுபடி வலிமை தந்தது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை, சட்டம் கூறும் காரணங்களால் அன்றி வாடகைதாரரை வெளியேற்ற முடியாது. காலம் முடிந்தபின் அந்தப் பாதுகாப்பு பழைய அளவில் இல்லை. வாரிசுகளின் உரிமையும் ஒப்பந்தத்தில் எஞ்சியுள்ள காலத்துக்கு மட்டுமே. ஆனால் 1882இன் நிலை அப்படியே திரும்பவும் இல்லை. காலம் முடிந்து, புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், அதே நிபந்தனைகளில் மாதத்துக்கு மாதம் ஒப்பந்தம் தொடர்வதாகக் கருதப்படும். இதற்கு உச்சவரம்பு ஆறு மாதம். 1882ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளரின் ஒப்புதலைக் கேட்டது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் கால வரம்பின்றித் தொடர விட்டது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டுக்கும் இடையே ஆறு மாத இடைவெளியை வைத்தது.

புதிய சட்டத்தின்கீழ் வாடகைதாரரின் வழிகள்

ஒப்பந்தக் காலம் முடியும் நிலையில் உள்ள வாடகைதாரருக்கு இச்சட்டம் பின்வரும் வழிகளைத் தருகிறது.

*புதுப்பித்தல்.* காலம் முடிவதற்கு முன், ஒப்பந்தத்தில் சொன்ன கால அளவுக்குள், நீட்டிப்புக் கோரி உரிமையாளரை அணுகலாம். அவர் ஒப்புக்கொண்டால் இருவரும் ஏற்கும் நிபந்தனைகளில் புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாத ஒப்பந்தம் சான்றாக ஏற்கப்படாது என்பதால், வாய்மொழி நீட்டிப்பை நம்புவது ஆபத்தானது.

*ஆறு மாதம் தொடர்தல்.* வேறு வீடு தேடவும், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியவும் இந்த இடைவெளி உதவும். பழைய வாடகையும் பழைய நிபந்தனைகளும் தொடரும்.

*காலி செய்தல்.* வீட்டை ஒப்படைக்கும்போது, உரிய கழிவுகள் போக முன்பணத்தைத் திருப்பிப் பெறலாம். சாவி ஒப்படைத்ததற்கும் பாக்கி எதுவும் இல்லை என்பதற்கும் எழுத்துமூலச் சான்று பெற்றுக்கொள்வது பின்னாள் தகராறுகளைத் தவிர்க்கும்.

*வழக்கை எதிர்கொள்ளுதல்.* ஆறு மாதத்துக்குப் பிறகும் தங்கினால், உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். அப்போது வாடகைதாரர் செலுத்த நேர்வது வழக்கமான வாடகை அல்ல. அதன் மடங்குக் கணக்கில் இழப்பீடு. பழைய சட்டத்தில் காலம் கடத்துவது வாடகைதாரருக்கு லாபமாக இருந்தது. புதிய சட்டத்தில் அது செலவாக மாறிவிட்டது.

எந்த நிலையிலும் உரிமையாளர் தாமே பூட்டை உடைத்தோ, பொருள்களை வெளியே எறிந்தோ வாடகைதாரரை எழுப்ப முடியாது. ஒப்பந்தம் முடிந்த குத்தகைதாரரையும் சட்டத்தின் வழியாகவே வெளியேற்ற வேண்டும் என்று லல்லு யஷ்வந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1968இல் தெளிவாக்கியது. வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து இடத்தைத் திரும்பப் பெறக் குறித்தவகைத் தீர்வுச் சட்டம், 1963இன் 6ஆம் பிரிவு வழி செய்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்து நெருக்குவதை 1960ஆம் ஆண்டுச் சட்டமும் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்தன.

பன்னிரண்டு ஆண்டு என்னும் நம்பிக்கை

ஒரே வீட்டில் 12 ஆண்டுகள் குடியிருந்தால் வீடு வாடகைதாரருக்குச் சொந்தமாகிவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. அது தவறானது. வாடகைதாரர் உரிமையாளரின் அனுமதியோடு உள்ளே வந்தவர். எத்தனை ஆண்டு வாடகை செலுத்தினாலும் அது எதிரிடை அனுபவம் ஆகாது. வாடகைதாரராக இருக்கும்போது உரிமையாளரின் உரிமையை மறுக்கவும் சாட்சியச் சட்டம் அவரை அனுமதிக்கவில்லை. குத்தகை முடிந்த நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் உரிமையாளர் வழக்குத் தொடர வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கூறுவதே இந்த நம்பிக்கைக்கு அடிப்படையாக இருக்கலாம். அந்த 12 ஆண்டு, குடியேறிய நாளிலிருந்து எண்ணப்படுவது அல்ல.

வரலாற்று முக்கியத்துவம்

ஒப்பந்தத்தின் கடைசித் தேதிக்குச் சட்டம் தந்த வலிமை, அந்தந்தக் காலத்தின் வீட்டுத் தேவையைப் பொறுத்து மாறிவந்தது. மனையில் முதலீடு செய்தவரைக் காக்க 1922ஆம் ஆண்டுச் சட்டமும், போர்க்காலப் பற்றாக்குறையில் குடியிருந்தவரைக் காக்க 1941 முதலான ஆணைகளும் சட்டங்களும், பூட்டிக்கிடந்த வீடுகளை வாடகைச் சந்தைக்குக் கொண்டுவர 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. பழைய சட்டத்தின் காலத்தில் வாடகைதாரரின் பாதுகாப்பு, மணியார்டர் ரசீதிலும் நீண்ட குடியிருப்பிலும் இருந்தது. புதிய சட்டத்தில் அது, ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே எவ்வளவு காலம், புதுப்பிக்க எப்போது கேட்க வேண்டும், வாடகை எவ்வளவு உயரும் என்பவற்றைத் தெளிவாக எழுதிப் பதிவு செய்துகொள்வதில் இருக்கிறது.